ஐந்தாம் எண் பயனர்

பிப்ரவரி 3, திங்கள்

ஜெரால்டு சொன்னதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "அன்னன்னைக்கு என்ன செஞ்சேன்னு எழுதி வைடா தனா. ஆறு மாசம் கழிச்சு இதை ஏன் இப்படிப் பண்ணினோம்னு உனக்கே மறந்துரும்." பதினான்கு வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். நான் நிரல் எழுதுவேன், அவன் திரைகளை வரைவான். நவம்பரில் நான் வேலையை விட்டேன். அவன் இன்னும் விடவில்லை. வார இறுதிகளில் மட்டும் எனக்கு வரைந்து கொடுக்கிறான்.

செய்துகொண்டிருப்பது ஒரு கைபேசிச் செயலி. பிறகு படிக்கலாம் என்று நாம் எடுத்து வைக்கும் இணைப்புகள், அவசரத்தில் எழுதும் குறிப்புகள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, வேண்டியபோது வேண்டியதை எடுக்க. யோசனை என் மனைவி ஹேமாவின் போனைப் பார்த்துத்தான் வந்தது. அவள் தன்னை மட்டுமே உறுப்பினராகக் கொண்ட ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறாள். அதில் தனக்குத் தானே இணைப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நான் இந்தச் சிவப்பு அட்டை நோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "குறிப்பு எழுதறதுக்கு ஆப் செய்றவரு நோட்டு வாங்கியிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பாடம் நடத்தக் கல்லூரிக்குப் போனாள்.

காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பெயர் வைத்தாயிற்று: கொத்து. சாவிக்கொத்து, பூங்கொத்து மாதிரி. ஜெரால்டுக்குப் பிடிக்கவில்லை. "பரோட்டா ஆர்டர் பண்ற ஆப்புன்னு நெனச்சுக்குவாங்க" என்றான். ஹேமாவிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

தேடலில் ஒரு விசித்திரமான பிழை. ஹேமாதான் பிடித்தாள். 'கடல்' என்று தேடினால் 'கடலில்', 'கடலோர' என்றிருக்கும் குறிப்புகள் எதுவும் வருவதில்லை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகு விளங்கியது. 'கடல்' என்பதில் கடைசி எழுத்துக்குத் தலையில் புள்ளி இருக்கிறது. 'கடலில்' என்னும்போது அந்தப் புள்ளி போய்விடுகிறது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தேடும்போது கடைசிப் புள்ளியை மட்டும் உதிர்த்துவிட்டேன். இப்போது கடல் என்றால் கடலோரம், கடலடி எல்லாம் வந்து விழுகின்றன.

பெருமையாக ஜெரால்டுக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். அவன் மீட்டிங்கில் இருந்தானாம்.

பிப்ரவரி 13, வியாழன்

மறுபடியும் ஹேமா. "வீடுன்னு தேடினா வீட்டு வாடகைன்னு இருக்கறது வர மாட்டேங்குது பாருங்க."

உண்மைதான். இதில் புள்ளியை உதிர்த்தும் பயனில்லை. வீடு, வீட்டில், வீட்டுக்கு. நாடு, காடு, ஆறு, எல்லாம் இதே கதை. இப்படிச் சட்டை மாற்றிக்கொள்ளும் சொற்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் போட்டேன். இந்த மாதிரி ஒரு சோதனையாளர் எந்த நிறுவனத்துக்கும் கிடைக்க மாட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

முறைப்படி சோதனைக்கு விட்டாயிற்று. மொத்தம் ஐந்து பயனர்கள். ஒன்றாம் எண் நான். இரண்டு ஜெரால்டு. மூன்று, எங்கள் தெரு முனையில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் காதர் பாய். நான்கு, ஜெரால்டின் அக்கா ஸ்டெல்லா, நூலகர். ஐந்து ஹேமா.

காதர் பாய் எல்லாவற்றையும் 'பொது' என்ற ஒரே கொத்தில் போடுகிறார். பிரித்து வைக்கத்தானே இந்தச் செயலி என்றேன். "பிரிச்சு வச்சா எதுல வச்சேன்னு மறந்துரும் தம்பி" என்றார்.

நீங்கள் சேமிப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது, நான்கூடப் பார்க்க முடியாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஹேமா இப்போதெல்லாம் போன் பேச மொட்டை மாடிக்குப் போகிறாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லையாம். அதனால் சிக்னல் இல்லாதபோதும் குறிப்பைச் சேமிக்கும்படி செய்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

உக்கடத்தில் ஹேமா முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். களப்பணிக்கு என்றாள். தாவரவியல் மாணவர்களைக் குளத்துக்குக் கூட்டிப் போவாள்போல. வீட்டுக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நாலு முறை நடந்து பார்த்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அழகாக இருந்தது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஜெரால்டு புதிய சின்னத்தை அனுப்பினான். ஆரஞ்சு நிறம். எனக்குப் பச்சை பிடிக்கும்.

மார்ச் 7, வெள்ளி

ஹேமா ஒரு வசதி கேட்டாள். ஒரு குறிப்புக்குக் கடைசித் தேதி போட்டால், நாள் நெருங்கும்போது அது நினைவுபடுத்த வேண்டும். அருமையான யோசனை.

"உதாரணத்துக்கு ஒரு தேதி சொல்லு" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்ச் 31ன்னு வையுங்க" என்றாள்.

ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, ஒரு மாதம் முன்பு ஒரு தடவை, கடைசி நாளன்று ஒரு தடவை நினைவூட்டும்படி எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டே நாளில் முடித்துவிடுவேன். வெளியீடு மார்ச் 24 என்று ஜெரால்டு முடிவு செய்திருக்கிறான். அவன் படித்த கல்லூரியில் சின்னதாக ஒரு கூட்டம், மேடையில் இருவரும் பேச வேண்டும்.

மார்ச் 12, புதன்

ஐந்தாம் எண் பயனரின் செயலி காலையில் நின்றுவிட்டது. பழுது அறிக்கை என் கணினிக்கு வந்தது. காரணம் எளிது. மார்ச் 31க்கு ஒரு மாதம் முன்பு எந்த நாள் என்று என் நிரல் கணக்குப் போட்டு, பிப்ரவரி 31 என்று கண்டுபிடித்து, அப்படி ஒரு நாளைத் தேடிப் போய் விழுந்திருக்கிறது. முதல் வருட மாணவன் செய்யும் தப்பு. சரி செய்ய நான்கு வரி போதும்.

அறிக்கையில் வேறொன்றும் இருந்தது. பழுதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வசதியாக, பழுதான கொத்தின் பெயரும் அதிலுள்ள குறிப்புகளின் தலைப்புகளும் சேர்ந்து வரும்படி டிசம்பரில் நானே எழுதியிருக்கிறேன். எழுதியதையே மறந்துவிட்டேன்.

கொத்தின் பெயர்: கடல்.

மல்லிப்பட்டினம் வீட்டு வாடகை, ஒரு ஆளுக்கு.
கடற்புல் கணக்கெடுப்பு, பணி ஆணை, மூன்று வருடம்.
சம்மதக் கடிதம், கடைசி நாள் மார்ச் 31.
கோவை – பட்டுக்கோட்டை பஸ் நேரம்.
அவரிடம் சொல்ல வேண்டியது – 3.

தலைப்புகள் மட்டும்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியும். இரண்டு தட்டு தட்டினால் போதும். கணினியை மூடிவிட்டுப் போய் மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்து வந்தேன். ஈரமாகவே இருந்தன. திரும்பவும் போய்ப் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

தோசைக்கு அரைத்தேன். ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தேன். ஜெரால்டு மூன்று முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஜெரால்டு நேரிலேயே வந்துவிட்டான். டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். ஹேமாவின் விஷயத்தைச் சொல்லவில்லை. தலைப்புகள் வருகின்றன என்பதை மட்டும் சொன்னேன்.

டீயைக் கீழே வைத்தான். "எனக்கு ஆப் நின்னுச்சுன்னா என்னோடதும் உனக்கு வருமா?"

"வரும்."

"வந்திருக்கா?"

"இல்ல. உனக்கு ஒரு தடவைகூட நிக்கல."

"எங்க அக்காவுக்கு?"

"இல்ல."

அவன் தன் போனை எடுத்துச் செயலியைத் திறந்து பார்த்தான். பிறகு, "நான் அதுல எங்கப்பா டாக்டர் ரிப்போர்ட்டெல்லாம் வச்சிருக்கேன்டா. வீட்லயே யாருக்கும் தெரியாது" என்றான்.

சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். ஜெரால்டு எழுந்துவிட்டான். "நாலு பேர்கிட்ட பொய் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னா என் பேரை எடுத்துரு."

வெளியீட்டைத் தள்ளி வைத்தோம். கல்லூரிக்கு அவனே போன் செய்து மன்னிப்புக் கேட்டான்.

மார்ச் 15, சனி

காதர் பாயிடம் முதலில் போனேன். ஒரு மோட்டாரைப் பிரித்து, செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என்னத்த தம்பி வச்சிருக்கேன்? மோட்டார் நம்பர், கஸ்டமர் போன் நம்பர். யாரு வேணா பாக்கட்டும்" என்று சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வெகு நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போய், ஒரு குறிப்பை மட்டும் அழித்தார். "இப்ப சரி" என்றார். அது என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமோசா வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஸ்டெல்லாவுக்குக் கடிதம் மாதிரி நீளமாக எழுதி அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: 'சொன்னதற்கு நன்றி. செயலியை நீக்கிவிட்டேன்.'

இனி பாக்கி ஐந்தாம் எண்.

மார்ச் 18, செவ்வாய்

சேமிப்பவரின் போனிலேயே எல்லாவற்றுக்கும் பூட்டு போட்டு, சாவியும் அங்கேயே இருக்கும்படி முழுவதையும் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் நானே விரும்பினாலும் எதையும் பார்க்க முடியாது. மதியம் ரசம் வைத்தேன். ஹேமா நன்றாக இருந்தது என்றாள்.

மார்ச் 20, வியாழன்

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவளுக்குத் தலைவலி.

மார்ச் 21, வெள்ளி

இன்று தலைவலி இல்லை. விடைத்தாள் திருத்துகிறாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

பூட்டு வேலை காலையில் முடிந்தது. சொல்லாமல் இருக்க வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஹேமா கூடத்தில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பிப்ரவரி 31ல் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐந்து தலைப்புகளையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"பன்னண்டாம் தேதி."

"பதினொரு நாளாச்சு. அதான் துணி மடிக்கறது, ரசம் வெக்கறது எல்லாமா?"

தலையாட்டினேன்.

"உள்ள படிச்சீங்களா?"

"இல்ல. தலைப்பு மட்டும்."

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபம் குறையவில்லை. "நீங்ககூட பாக்க முடியாதுன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் அதுல போட்டேன். என் நோட்டுல எழுதியிருந்தா பத்திரமா இருந்திருக்கும்."

பிறகு அவளே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஆராய்ச்சி செய்தது கடற்புல்லைப் பற்றி. ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிற புல் அது. பதினாறு வருடமாகக் கடலே இல்லாத ஊரில் மற்ற செடிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் மூன்று வருடக் கணக்கெடுப்பு, தலைமை ஏற்க ஆள் தேவை என்று டிசம்பரில் ஒரு விளம்பரம். மாடியில் நின்றபடியே நேர்காணல் முடித்திருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வேலைய விட்டப்ப ஒரு வருஷம் வேணும்னு கேட்டீங்க. நான் சரின்னேன். எனக்கும் ஒண்ணு கேக்கோணும்னு இருந்துச்சு. ஆனா நீங்க காலைல எந்திரிச்சதும் பாட்டுப் பாடிக்கிட்டுக் கம்ப்யூட்டர்கிட்டப் போறீங்க. இத்தனை வருஷத்துல உங்களை இப்படிப் பார்த்ததில்ல. எழுதி எழுதிப் பாத்தேன். மூணு தடவை."

"ஒரு ஆளுக்குன்னு வீடு தேடியிருக்கியே."

"கூட வாங்கன்னு கேட்டு, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா, நான் போகாம இருந்துருவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனாலதான் கேக்காமத் தேடினேன்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. "இங்க காலேஜ் வேலை நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்குது?" என்று கேட்டேன்.

ஹேமா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, பாதி தேய்த்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 24, திங்கள்

பேசவில்லை. காபி மட்டும் மேசையில் இருந்தது.

மார்ச் 26, புதன்

அலமாரியின் மேல் தட்டில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஹேமாவின் ஆய்வேடு இருந்தது. நீல அட்டை, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டு வந்த பெட்டியில் இருந்ததை நான்தான் எடுத்து அங்கே வைத்தேன். இதுவரை திறந்ததில்லை. இன்று காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நிரல் எழுதவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் முளைத்திருக்கும் புல்லை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். இரண்டு வருடம். அறுபத்தொரு இடங்களில்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவளிடம், "அம்பத்திரண்டாவது இடத்துல மட்டும் ஏன் புல்லே இல்ல?" என்று கேட்டேன்.

கரண்டியோடு திரும்பினாள். "எதுல?"

"உன் தீசிஸ்ல. நூத்தி நாப்பதாம் பக்கம் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல புரியல."

அடுப்பில் தோசை கருகியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. இழுவலை போட்ட இடம் அது, அடியைச் சுரண்டிவிட்டால் புல் திரும்ப வர வருடக்கணக்காகும் என்று சொல்லத் தொடங்கினாள். மேசை விரிப்பை மடக்கிக் கடலடி எப்படிச் சரிகிறது என்று காட்டினாள். உப்பு ஜாடி படகு ஆயிற்று. கல்லூரிக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பினாள்.

அவள் செருப்பு மாட்டும்போது சொன்னேன். "நீ போகோணும் ஹேமா."

"நான் பர்மிஷன் கேக்கலைங்க."

"தெரியும். ஞாயித்துக்கிழமை அப்படிக் கேட்டதுக்குப் பதிலாச் சொல்றேன்." பிறகு, "நானும் வரட்டுமா? என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம்" என்றேன்.

வாசலில் நின்று யோசித்தாள். "இப்ப வேண்டாம். முதல் ஒரு மாசம் நான் மட்டும் இருந்து பார்க்கறேன்."

சரி என்றேன். நவம்பரில் அவள் சொன்ன அதே மாதிரி, முகத்தில் எதுவும் காட்டாமல் சொல்ல முயன்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 31, திங்கள்

சம்மதக் கடிதம் போய்விட்டது. நினைவூட்டல் சரியாக வேலை செய்தது.

ஏப்ரல் 10, வியாழன்

கொத்து வெளியாகிவிட்டது. மேடை, கூட்டம் எதுவும் இல்லை. பொத்தானை அமுக்கிவிட்டு ஜெரால்டும் நானும் அன்னபூர்ணாவில் சாம்பார் வடை சாப்பிட்டோம். மாலைக்குள் முப்பத்தேழு பேர் இறக்கியிருக்கிறார்கள். முதல் விமர்சனம் ஒரு நட்சத்திரம்: 'பரோட்டா எங்கே?' ஜெரால்டு அதைப் படம் எடுத்துத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டான்.

ஸ்டெல்லா மறுபடியும் சேர்ந்திருக்கிறார். எதுவும் எழுதவில்லை, சேர்ந்திருக்கிறார்.

மே 4, ஞாயிறு

காலை பஸ்ஸில் ஹேமாவை ஏற்றிவிட்டேன். இரண்டு பெட்டி, ஒரு சாக்கு. தண்ணீர் பாட்டிலை நான் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. வேலைக்கு நல்லதுதான்.

மே 9, வெள்ளி

இரண்டு பேருக்கான அளவிலேயே அரிசி போட்டுக்கொண்டிருக்கிறேன். காதர் பாய்க்குப் புளியோதரை கொடுத்தேன். "தங்கச்சி எப்ப தம்பி வருது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

மே 15, வியாழன்

ஹேமாவிடமிருந்து செய்தி: 'சனிக்கிழமை வரீங்களா?'

பதினோரு நாள்தான் ஆகிறது. பட்டுக்கோட்டைக்கு நேர் பஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருச்சியில் மாறினாலும் பரவாயில்லை.

மே 17, சனி

நேற்றே கிளம்பித் திருச்சியில் தங்கி, காலை பத்தரைக்கு மல்லிப்பட்டினம் வந்து சேர்ந்தேன். வீட்டில் ஹேமா இல்லை. கரைக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் கை காட்டினார்.

அலையே இல்லாத கடல். கரையிலிருந்து வெகு தூரம் வரை முழங்கால் தண்ணீர்தான். அவ்வளவு தொலைவில் ஒரு நாட்டுப்படகு தெரிந்தது, பக்கத்தில் குனிந்தபடி ஹேமா. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். பத்தடியில் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. இன்னொன்றை நானே கரையில் எறிந்துவிட்டு நடந்தேன்.

படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் பெயர் அந்தோணிராயர். ஹேமாவுக்குப் படகு ஓட்டுகிறவர். அவள் நிமிராமலே, "இவருதான் எங்க வீட்டுக்காரரு" என்றாள். பதினைந்து நாளுக்குள் கறுத்துப் போயிருக்கிறாள். கழுத்தில் உப்பு பூத்திருந்தது. சட்டத்துக்குள் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்றார் அந்தோணிராயர். "நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. பெரிய போட்டுக்கெல்லாம் இப்பத் தடைக்காலம். ஜூன் பாதி வரைக்கும் ஒண்ணும் கடலுக்குப் போவாது. தண்ணி கலங்காம இருக்கும். எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

நான் இரண்டு நாளுக்கான துணிதான் கொண்டுவந்திருந்தேன். ஹேமாவைப் பார்த்தேன். ஒரு கையை உயர்த்திக் காட்டினாள், எண்ணிக்கை தப்பிவிடும் என்று. காலைச் சுற்றிப் பொடி மீன்கள் வந்து போயின.

நூற்று முப்பத்தெட்டு. நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு அந்தோணிராயரைப் பார்த்துச் சொன்னாள்:

"தடைக்காலம் முடியற வரைக்கும் இருப்பாருங்க."